ஹாட்ஸ்பாட் டிவியில் தெரியவில்லையா?

வீட்டு பிராட்பேண்ட் படுத்துவிட்டால் கைகொடுப்பது போன் ஹாட்ஸ்பாட்தான். ஆனால் சில பழைய டிவிகளில் அதன் பெயரே வராது. போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும், டிவிக்கோ 2.4 மட்டும்தான் புரியும். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4-க்கு மாற்றிவிடுங்கள். புதிய ஐபோன்களில் இது 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பெயரில் இருக்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் சுவர் தாண்டியும் சிக்னல் நன்றாக எட்டும்.

லேப்டாப்புக்கு மட்டும் என்றால் வைஃபையே வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை (கேபிள் வழியே போனின் இணையத்தைப் பகிரும் வசதி) ஆன் செய்யுங்கள், போனும் சார்ஜ் ஏறும். (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்கள் இதற்கு உதவாது.) அப்புறம், விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவான டேட்டா உள்ளது, என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பெரிய அப்டேட்டே அன்றைய 1.5 ஜிபி டேட்டாவை விழுங்கிவிடும்.