நாய்ச் சண்டை குறித்துப் புகார் எழுதும் முறை

சேலத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளிலோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலோ நாய்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள் என்ற ஐயம் உங்களுக்கு எழுந்தால், புகாரை நாயின் இனத்தைச் சொல்லித் தொடங்காதீர்கள். ‘தோப்பில் பிட்புல் வளர்க்கிறார்கள்’ என்று மட்டும் எழுதிய மனு பெரும்பாலும் எங்கும் நகராது. பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மத்திய அரசு 2024 மார்ச் மாதம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது. அந்தப் பட்டியலில் மாஸ்டிஃப், டெரியர் என்று முழுக் குடும்பங்களையே சேர்த்திருந்தார்கள்; கலப்பின நாயைத் தோற்றத்தைக் கொண்டு எந்த இனம் என்று உறுதிசெய்வதும் எளிதன்று. இனத்தடை வேண்டுமா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், சண்டை நடத்துவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே செயலையும் இடத்தையும் எழுதுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)(எம்) உட்பிரிவு, கேளிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவோரைக் குறிக்கிறது. 11(1)(என்) உட்பிரிவோ சண்டைக்கான இடத்தை நடத்துபவர், இடம் கொடுத்தவர், நுழைவுக்குக் காசு வாங்கியவர் ஆகியோரையும் சேர்த்துப் பிடிக்கிறது. இவ்விரண்டில் இரண்டாவது உட்பிரிவின் கீழ் வரும் குற்றத்தை மட்டுமே, நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறை நேரடியாக விசாரிக்க அச்சட்டத்தின் 31ஆவது பிரிவு வழிசெய்கிறது என்பதால், தோட்டத்தின் பெயர், அதற்குச் செல்லும் வழி, ஆட்கள் கூடும் கிழமை, வந்து நிற்கும் வண்டிகளின் எண்கள் ஆகியவையே மனுவின் முதுகெலும்பு. முதல் முறை குற்றம் செய்தவருக்கு இச்சட்டப்படி அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். களத்தில் புரளும் பணத்துக்கு முன் இது நகைப்புக்குரிய தொகை. எனவே நாய் செத்தாலோ ஊனமானாலோ அதையும் தெளிவாக எழுதி, ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவையும் சேர்க்குமாறு கேளுங்கள்.

முகம், காது, முன்னங்கால்களில் ஆறியும் ஆறாமலும் கிடக்கும் கடித் தழும்புகள், கனத்த சங்கிலியில் தனித்தனியே கட்டிய பல நாய்கள், மருத்துவரிடம் காட்டாமல் வீட்டிலேயே போட்ட தையல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் ஐயம் வலுப்பெறும். தழும்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மலைத்தோட்டக் காவல் நாய்க்குக் காட்டுப்பன்றியாலும் காயம் வரும். ஆதாரம் தேடி வேலி தாண்டிப் போக வேண்டாம். சண்டை நடந்துகொண்டிருந்தால் 112ஐ அழையுங்கள். காணொளி கையில் இருந்தால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்; வாட்ஸ்அப்பில் பரப்பினால் களம் இடம் மாறிவிடும்.

மனுவுக்கு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். எல்லைத் தகராறு சொல்லித் திருப்பி அனுப்பினால், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். பதிவு செய்ய மறுத்தால், மாநகருக்குள் காவல் ஆணையருக்கும், ஏற்காடு உள்ளிட்ட புறப்பகுதிகளுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பலாம். மீட்கப்படும் நாய்களை வழக்கு முடியும்வரை உரிமையாளரிடம் திருப்பித் தராமல் காப்பகத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவின் கடைசிப் பத்தியில் சேர்த்துவிடுங்கள்.