மார்ட்டினிக்கில் வாடகை காரா? மதியம் எடுங்கள்

பாய்மரப் படகில் போய் கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவின் லெ மாரின் துறைமுக ஊரில் நங்கூரம் போட்டிருந்தால், வாடகை காரைக் காலையில் எடுக்காதீர்கள். மதியம் 12 மணிக்கு எடுங்கள். வாடகை பெரும்பாலும் 24 மணி நேரக் கணக்கு. காலையில் எடுத்து இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்தாலும் அதே காசுதான். மதியம் எடுத்தால் ஒரு மாலையும் ஒரு விடியற்காலையும் கையில் இருக்கும். மாலையில் தண்ணீர் கேன், அரிசி, டின் சாமான் என்று கனமானதையெல்லாம் வாங்கி, டிங்கி (கரைக்கு வந்துபோகும் சிறு படகு) கட்டும் துறைவரை காரிலேயே கொண்டுவந்துவிடலாம்.

அசல் லாபம் விடியற்காலைதான். சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள பெலே எரிமலையின் உச்சியைப் பல நாட்கள் முற்பகலிலேயே மேகம் மூடிவிடும். 5 மணிக்கே கிளம்பினால் அதற்கு முன்பே போய்விடலாம், தலைநகர் ஃபோர் து பிரான்ஸ் நெரிசலிலும் மாட்ட மாட்டீர்கள். 1902-இல் அந்த எரிமலை அழித்த சேன் பியேர் ஊரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். (மலை ஏற நேரம் போதாது, கார் போகும் இடம்வரைதான்.)

சனிக்கிழமை இது உதவாது: ஞாயிறன்று பல வாடகை அலுவலகங்கள் திறப்பதில்லை. 24 மணி நேரத்துக்குப் பதிலாகத் தேதிக் கணக்கில் வாடகை போடும் இடத்திலும் பலிக்காது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதே கரீபியனில் பெக்கியா மாதிரி 18 சதுர கிலோமீட்டர் குட்டித் தீவுக்குக் காரே வேண்டாம்.