சேலம் வட்டாரத்தில் கல்லூரிக் கனவுக்கு நிதி திரட்டும் முறை

ஏற்காட்டு மலைக்கிராம மாணவர்களைக் கல்லூரியில் சேர்க்க நிதி திரட்டும் பொறுப்பை ஏற்பவர், மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திராமல், ஜனவரியிலேயே செவ்வாய்ப்பேட்டை வணிகர்களையும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை உரிமையாளர்களையும் காப்பித் தோட்டக்காரர்களையும் நேரில் சந்திக்கத் தொடங்க வேண்டும்.

பொதுவாகக் ‘கல்விக்கு உதவுங்கள்’ என்று கேட்பதைவிட, விண்ணப்பக் கட்டணம், விடுதிக் கட்டணம், மலையிலிருந்து சேலம் வந்துபோகும் பேருந்துச் செலவு என ஒரு மாணவியின் ஓராண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதி நீட்டுங்கள். அந்தத் தாளில் ஒரு வரியைத் தொட்டு, ‘விடுதிச் செலவு என் பொறுப்பு’ என்று சொல்பவரே ஆண்டுதோறும் தருகிறார் என்பது என் அனுபவம்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதால், காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெறுங்கள். ரசீதை அன்றே கொடுங்கள்.

முதல் பருவத் தேர்வு முடிந்ததும், மாணவியின் சம்மதத்தோடு, அவர் கைப்பட எழுதிய கடிதத்தை நன்கொடையாளரிடம் நேரில் சேர்ப்பியுங்கள்; அடுத்த ஆண்டு உதவியை அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டாம்.