36-ஐக் கூப்பிட்டால் இரண்டு பேர் பதில் சொன்னால்?

அட்ரஸபிள் ஃபயர் அலாரம் என்றால் ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உண்டு. அதில் கண்ட்ரோல் பேனலிலிருந்து கிளம்பி எல்லா டிடெக்டரையும் தொட்டுச் செல்லும் லூப் இரண்டே கம்பிதான். சுமார் 24 வோல்ட் டிசி சப்ளையும் அதில்தான், தகவலும் அதில்தான். கம்பெனிக்குக் கம்பெனி மொழி மாறும். ஆனால் பெரும்பாலான சிஸ்டங்களில் நடப்பது இதுதான்: பேனல் வோல்டேஜைச் சற்றே ஏற்றி இறக்கி 36-ஆம் எண்ணைக் கூப்பிடும். அந்த டிடெக்டர் மட்டும் கரண்டை விட்டு விட்டு இழுத்துப் பதில் சொல்லும். அப்புறம் 37. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி, நாள் முழுக்க.

எனவே ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் வம்புதான். எண்ணை வைக்க ஏழு டிப் சுவிட்ச் (குட்டி ஆன்-ஆஃப் சுவிட்ச்) உள்ள மாட்யூல்களில் (லூப்பில் மாட்டும் சிறு பெட்டிகளில்) அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64. 37 வேண்டுமென்றால் 32, 4, 1. அந்த 1 சரியாக நகராவிட்டால் அது 36 ஆகிவிடும். இப்போது 36-ஐக் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பேசும், 37 ‘காணவில்லை’ என்று வரும். நாமோ 37-க்குப் போகும் வயரைத் தேடிச் சாயங்காலம் வரை ஏணியில் நிற்போம். இன்னொன்று, சில தயாரிப்புகளில் சுவிட்ச் ‘ஆன்’ பக்கம் இருந்தால் 0 என்று அர்த்தம். கூட வரும் துண்டுச் சீட்டைப் படிக்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

இதைவிட மோசமானது சத்தமே இல்லாத தவறு. தூசி தட்ட பத்து ஸ்மோக் டிடெக்டர்களைக் கழற்றி, ஒரே பெட்டியில் போட்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பேஸில் மாட்டுவது. எண் பேஸில் இல்லாமல் கழற்றிய டிடெக்டர் தலையிலேயே இருக்கும் மாடல் என்றால் எல்லா எண்ணும் லூப்பில் இருக்கும், வகையும் ஒன்றுதான். பேனலுக்குக் குறையே தெரியாது. ஆனால் ஸ்டோர் ரூமில் புகை வந்தால் திரையில் மூன்றாம் மாடி வராந்தா என்று வரும். கழற்றும்போதே மாஸ்கிங் டேப்பில் இடத்தை எழுதி ஒட்டுங்கள். மாட்டியபின் ஒவ்வொன்றுக்கும் புகை காட்டி, பேனலில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள்.

வயரிங்கில் சில. டிடெக்டர்கள் மாட்டியிருக்கும்போது வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும். நடுவில் எங்காவது எர்த் பட்டால் சிக்னலில் இரைச்சல் ஏறும். ஷார்ட் ஆன பகுதியை மட்டும் துண்டித்துவிடும் ஐசோலேட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாமல் ஓரிடத்தில் ஷார்ட் ஆனால் இரண்டு கம்பியும் ஒன்றாகி, மொத்த லூப்பும் ஊமையாகிவிடும். ஒரு பழுதால் 32-க்கு மேல் டிடெக்டர்கள் செயலிழக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரமான ஈஎன் 54 போடும் வரம்பு.

கடைசியாக, வெளி சுவிட்ச் ஒன்றின் நிலையைப் பேனலுக்குச் சொல்லும் மானிட்டர் மாட்யூலின் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், அதாவது வயரின் கடைசி முனையில் மாட்டும் ரெசிஸ்டர். ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் ஓடுவதைக் காட்டும் ஃப்ளோ சுவிட்சுக்குப் போகும் வயர் அறுந்தால் பேனலுக்குத் தெரிவது அதை வைத்துத்தான். அது சுவிட்ச் முனையில் இருக்க வேண்டும். சோம்பல்பட்டு மாட்யூலின் டெர்மினலிலேயே திருகி விடுபவர்கள் நிறைய. அப்புறம் அந்த வயரை எலி கடித்துத் துண்டாக்கினாலும் மாட்யூல் ‘நார்மல்’ என்றே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.