மலைக்கு மேலே இறங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி விமானிகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. உயரமானியைச் சரியாக வைக்காதது, செக்லிஸ்ட்டில் ஒரு வரியை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சீக்கிரமே திருந்திவிடும். திருந்தாதவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் ஏர் இந்தியா விபத்தைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டுகிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 24 அன்று, பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக வந்த ‘கஞ்சன்ஜங்கா’ என்ற போயிங் 707, ஜெனீவாவில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் 4,750 மீட்டர் உயரத்தில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர்.

புரியாமலே ‘ராஜர்’ சொல்வது

விமானத்தில் ஒரு விஓஆர் கருவி (தரை நிலையத்தின் ரேடியோ அலையை வைத்துத் திசை காட்டுவது) வேலை செய்யவில்லை. பெய்ரூட்டை விட்டுக் கிளம்பும்போதே இது விமானிக்குத் தெரியும். தான் இருக்கும் இடத்தை அவர் கணக்குப் போட்டு, மோன் பிளாங்க்கின் பக்கவாட்டில் கடந்துகொண்டிருப்பதாகத் தரையிலிருந்த விமானக் கட்டுப்பாட்டாளரிடம் சொன்னார். கணக்கு தப்பு. கட்டுப்பாட்டாளர் அதை ராடாரில் கவனித்துவிட்டார். மோன் பிளாங்க்குக்கு உங்களுக்கு 5 மைல் இருக்கிறது என்று சொன்னார். விமானி ‘ராஜர்’ என்றார், அதாவது ‘கேட்டுக்கொண்டேன்’ என்று. இறக்கம் தொடர்ந்தது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. உண்மையான இடம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார், இவரும் கேட்டுவிட்டார். ஆனால் அந்தப் பதிலில் ‘இன்னும் கடக்கவில்லை’ என்ற சொல் இல்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்புகிறவர் காதில், 5 மைல் தள்ளித்தானே இருக்கிறது என்றும் அது விழலாம். திருத்தம் போதுமான துல்லியத்தோடு சொல்லப்படாததால் விமானி தவறாகப் புரிந்துகொண்டார் என்றுதான் பிரெஞ்சு விசாரணையும் முடிவு செய்தது. 19,000 அடியிலேயே நின்றிருந்தால் சிகரத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி மிச்சம் இருந்திருக்கும்.

சிமுலேட்டரில் இதே நிலைமையை வேண்டுமென்றே உருவாக்குவேன். மாணவர் சொல்லும் இடத்துக்குக் கொஞ்சம் ஒட்டாத ஒரு பதிலைக் கட்டுப்பாட்டாளர் குரலில் கொடுப்பேன். பெரும்பாலும் உடனே ‘ராஜர்’ வந்துவிடும். நிறுத்திவிட்டு, “இப்போது மலை உங்களுக்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேட்டால் பதில் வராது. சரி, வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? “மலை இன்னும் 5 மைல் முன்னால், நாங்கள் கடக்கவில்லை, 190-லேயே (அதாவது 19,000 அடியிலேயே) நிற்கிறோம், உறுதிசெய்யுங்கள்.” பேச ஐந்தாறு நொடிதான் ஆகும். நீங்கள் சொன்ன இடமும் அவர் சொன்ன இடமும் ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும் வரை ஓர் அடிகூட இறங்காதீர்கள். கட்டுப்பாட்டாளர் எரிச்சல்பட்டால் படட்டும்.

ஒரே கோட்டை வைத்து இடத்தை முடிவு செய்வது

ஒரு விஓஆர் நிலையம் தருவது ஒரு திசைக்கோடு மட்டுமே. அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய இன்னொரு கோடோ தூர அளவோ வேண்டும். அது இல்லாதபோது கடிகாரத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறோம். எதிர்காற்று நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்தால், தாண்டிவிட்டதாக நினைக்கும் மலை இன்னும் முன்னால்தான் நிற்கும். கருவி பழுது என்று தெரிந்தால், எந்த இடத்தில் அது காலை வாரும் என்று கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

மேலே வானம் தெளிவு என்பதால் இறங்குவது

மேலே தெளிவாக இருந்தாலும், கீழே வெள்ளை மேகமும் பனி மூடிய சிகரமும் சேர்ந்தால் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது.

பழைய விபத்தைப் படிக்காமல் விடுவது

1950 நவம்பர் 3 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ இதே மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். அதுவும் ஏர் இந்தியா விமானம்தான், அதுவும் ஜெனீவாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

தரை எச்சரிக்கை ஒலிக்கும்போது யோசிப்பது

தரை நெருங்கிவிட்டது என்று ஒலி எழுப்பும் கருவி 1966-இல் இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஒலித்தால் ஏறுங்கள், காரணம் அப்புறம் தேடலாம்.