முதல் மாதிரிப் படகு: 1:20 அளவில் ஒரு மீன்பிடிப் படகு

மாதிரிப் படகு கட்டலாம் என்று நினைத்ததும் பினாங்குக்காரர்களுக்குக் கண் போவது பழைய ஃபெரி மேல்தான். அதை இரண்டாவது படகாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக ஜன்னல், கைப்பிடிக் கம்பி. அரை மில்லிமீட்டர் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் படகுக்கு 6 மீட்டர் நீளமுள்ள, அடி உருண்ட மர மீன்பிடிப் படகு போதும். 1:20 அளவில் 30 செ.மீ. வரும், சாப்பாட்டு மேசையிலேயே கட்டலாம்.

தெலுக் பஹாங் பக்கம் கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். ஃபைபர் படகுகளுக்கு நடுவே மரப் படகு ஒன்று கண்ணில் பட்டால், படகுக்காரரிடம் கேட்டுவிட்டு நேர் பக்கவாட்டிலும் நேர் எதிரிலும் படம் எடுங்கள். படகோடு ஒரு மீட்டர் கோலைச் சாய்த்து வைத்தால் மற்ற அளவுகளை வீட்டில் கணக்கிடலாம். கிட்டே நின்று எடுத்தால் அணியம், அதாவது முன்மூக்கு, வீங்கித் தெரியும். பத்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை: ஏராவுக்கும் (அடிமரம்) குறுக்குச் சட்டங்களுக்கும் 3 மி.மீ. பிளைவுட். சட்டங்களின்மேல் போர்த்த 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிப்பில் 40 செ.மீ. நீள மரப்பட்டிகள் 34. மர வேலைக்கான வெள்ளைப் பசை. 120, 240, 400 எண் உப்புத்தாள். இரண்டு டஜன் துணி கிளிப். முப்பத்துநான்கு எப்படி வந்தது? நடுச் சட்டத்தில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை வளைவோடு அளந்தால் 70 மி.மீ. என்று வையுங்கள்: பக்கத்துக்கு 14, இரு பக்கமும் 28, உடைவதற்கு 6.

ஏராவை வெட்டியதும் கண்ணாடிமேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஆடினால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள், பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது. ஒன்பது சட்டங்களை 3 செ.மீ. இடைவெளியில், மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ஒட்டுங்கள்.

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். சட்டத்தின் விளிம்பு சதுரமாக இருக்கிறது. படகோ அணியத்தை நோக்கி ஒடுங்குகிறது. அப்படியே ஒட்டினால் பட்டி விளிம்பின் ஒரு முனையை மட்டும் தொட்டு நிற்கும், பசைக்குப் பிடிமானம் இருக்காது. விளிம்பு முழுவதும் பென்சிலால் கருப்பாக்குங்கள். 120 உப்புத்தாளை நீளக் கட்டையில் சுற்றி, ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களைத் தொடுமாறு தேயுங்கள். பென்சில் கருப்பு முழுதும் போனால் சரிவு வந்துவிட்டது. ஒரு பட்டியை மேலே கிடத்தி விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: எந்தச் சட்டத்திலும் வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. இதற்கே இரண்டு மாலை போகும், போகட்டும்.

இனிப் பட்டி. அணியத்தில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை 49 மி.மீ.தான் என்றால் 14 பட்டிக்கும் தலைக்கு 3.5 மி.மீ. ஆகவே முன்னால் அந்த அகலத்துக்கு ஒவ்வொன்றையும் சீவ வேண்டும். சீவாவிட்டால் பட்டிகள் மூக்கருகே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாதி அகலத்துக்கும் கீழே சீவாதீர்கள், முனை பிளந்துவிடும்.

வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, சட்டத்தில் வளைத்துக் கிளிப் போட்டு, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள்தான் பசை. ஈரத்தோடு ஒட்டிய பட்டி காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். நம் ஊர்க் காற்றில், அதுவும் செப்டம்பர், அக்டோபர் மழையில், தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் பட்டிக்குள்ளும் ஈரம் இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கம் நான்கைந்து ஏறினால் ஏராவையே இழுத்து வாழைப்பழமாக்கிவிடும்.

சூப்பர் குளூ சிறு பொருள்களுக்கு மட்டும். அதிகம் விட்டால் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூக்கும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்தே திறங்கள், இல்லையேல் குப்பிக்குள் நீர் வியர்த்துப் பசை கட்டியாகும்.

இடைவெளிகளை அதே மரத்தின் தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து அடையுங்கள். 240, பிறகு 400 தேய்த்து, உள்ளும் புறமும் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடியுங்கள். வெளியே மட்டும் அடித்தால் உட்புறம் ஈரம் குடித்துப் பட்டி நெளியும். மழை பெய்யும்போது லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடித்தால் பால் நிறம் தட்டும்.

ஆணிகளில் ஒரு சங்கதி. கடையில் விற்கும் பித்தளை ஆணியின் தலை 1.5 மி.மீ. இருந்தால் நிஜப் படகில் அது 3 செ.மீ.! பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மையாகத் தோன்றும். ஊசி முனையால் புள்ளி குத்திப் பென்சில் தூள் தேய்த்தால் போதும். கயிறும் அப்படியே: 20 மி.மீ. கயிற்றுக்கு 1 மி.மீ. நூல், மெழுகில் இழுத்தது.

பெயின்ட் காய இரண்டு வாரம் விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் அடியில் 5 மி.மீ. துளை இரண்டு போட்டு வலை ஒட்டுங்கள். முற்றாக அடைத்த பெட்டியில் பூஞ்சை முதலில் நூலில்தான் பிடிக்கும்.