யுரேனியம் எங்கே இருக்கலாம்? வரைபடத்தை வைத்து ஒரு முதல் கணிப்பு

யுரேனியம் தேடுவது என்றதும் பலருக்கு மனதில் வருவது, டிக் டிக் என்று சத்தம் போடும் கருவியோடு மலையேறும் ஒரு ஆள். உண்மையில் அந்தக் கருவியின் முறை ரொம்பத் தள்ளித்தான் வருகிறது. முதல் வேலை மேசையில்: ஒரு புவியியல் வரைபடம், ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை. ஆந்திரா, தெலங்கானாவில் பரந்து கிடக்கும் கடப்பா படுகையை (பழங்காலப் பள்ளத்தில் மணலும் சேறும் படிந்து இறுகிய பாறைப் பகுதி) உதாரணமாக வைத்துக்கொண்டு போவோம். அங்கே ஒரே படுகைக்குள் இரண்டு வேறு வகை யுரேனியப் படிவுகள் இருப்பதால் கற்றுக்கொள்ள வசதி.

தொடங்கும் முன் ஒரு அளவுக்கணக்கு. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு 2.7 கிராம் யுரேனியம் இருக்கிறது. கிரானைட்டில் 4 கிராம் அளவில். கடப்பா மாவட்டத்துத் தும்மலபள்ளிச் சுரங்கத்தில் சுமார் 400 கிராம். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் 100 கிலோவுக்கும் மேல்! ஆக, யுரேனியம் இல்லாத ஊரே கிடையாது. சிதறிக் கிடந்தது எந்த இடத்தில் ஒன்றுசேர்ந்தது என்பதுதான் நம் கேள்வி.

படி 1: பாறையின் வயதைப் பாருங்கள்

யுரேனியத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஆக்சிஜன் உள்ள நீரில் அது கரைந்து ஓடும். ஆக்சிஜன் இல்லாத இடத்துக்குப் போனதும் கரையாமல் படிந்துவிடும். இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அதனால் யுரேனியக் கனிமத் துகள்கள் கரையாமல், தங்கத்தூள் போல ஆற்றில் உருண்டு கூழாங்கல் படுகைகளில் தங்கின. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் அந்த வகை. அதற்குப் பிறகு உருவான படுகை என்றால் 'கரைந்து வந்து எங்கோ படிந்தது' என்ற கோணத்தில் தேட வேண்டும். கடப்பா படுகை இந்த இரண்டாம் ரகம்.

படி 2: எங்கிருந்து வந்தது?

சுற்றிலும் கிரானைட் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். வெறும் கிரானைட் போதாது. சராசரியைவிட யுரேனியம் அதிகமாக உள்ள கிரானைட்டும், அதில் நீர் புகுந்து கழுவிச் செல்ல விரிசல்களும் வேண்டும். கடப்பா படுகைக்கு அடியிலும் மேற்கு ஓரத்திலும் 250 கோடி ஆண்டுப் பழைய கிரானைட் நிலம் இருக்கிறது. சரி, இந்தக் கட்டத்தில் ஒரு டிக்.

படி 3: எந்த வழியாகப் போனது, எங்கே மாட்டிக்கொண்டது?

இங்கேதான் நிதானம் வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கருவியை எடுத்துவிடுகிறார்கள்.

பழைய கிரானைட் அரிக்கப்பட்டு, நெடுங்காலம் கழித்து அதன்மேல் மணல் படிந்து இறுகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே காலம் விடுபட்டுப்போன அந்தத் தளத்தைத்தான் துறையில் அன்கன்ஃபார்மிட்டி என்கிறார்கள். நீர் ஓட நல்ல வழி. வரைபடத்தில் கிரானைட் நிறமும் படிவுப் பாறையின் நிறமும் சந்திக்கும் கோடு அது. பென்சிலால் அழுத்தி வரைந்துகொள்ளுங்கள். அதை வெட்டிக்கொண்டு போகும் பிளவுகளையும் குறியுங்கள். நல்கொண்டா மாவட்டத்து லம்பாபூர், பெத்தகட்டுப் படிவுகள் ஸ்ரீசைலம் குவார்ட்சைட்டும் (இறுகிய மணற்பாறை) கிரானைட்டும் சந்திக்கும் இப்படிப்பட்ட தளத்தை ஒட்டியே இருக்கின்றன. கனடாவின் அத்தபாஸ்கா படுகையிலும் இதே சூத்திரம்தான். அங்கே அடித்தளப் பாறையில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துவதால், மின்காந்த அளவீடு மூலம் பிளவுகளைப் பின்தொடர்கிறார்கள்.

வழி இருந்தால் மட்டும் போதாது, ஓடிவரும் யுரேனியத்தைப் பிடித்து நிறுத்தும் பொறியும் வேண்டும். ஆக்சிஜனைப் பறிக்கும் பொருள் எதுவோ அதுதான் பொறி: மக்கிய தாவரம், பைரைட் போன்ற சல்ஃபைடு (கந்தகக் கனிமம்), கிராஃபைட். மேகாலயாவின் மகாதேக் மணற்கல்லில் அந்த வேலையைச் செய்தது பழைய தாவர எச்சம்.

தும்மலபள்ளி வேறு கதை. அங்கே யுரேனியம் விரிசல்களில் இல்லை, வேம்பள்ளிப் படிவத்தின் பாஸ்பேட் கலந்த டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறையில் அடுக்காகவே படிந்திருக்கிறது. கீழே திரண்ட சுண்ணாம்புக்கல், மேலே சிவந்த களிப்பாறை, நடுவில் யுரேனியம். இந்த வரிசை தெரிந்துவிட்டால் அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டே பல கிலோமீட்டர் நடக்கலாம். கிட்டத்தட்ட 160 கி.மீ. நீளத்துக்கு அந்தப் பட்டை போகிறது. ஆனால் பாறையின் குணம் கடைசிவரை துரத்தும். சுண்ணாம்புச் சத்து அமிலத்தை விழுங்கிவிடும் என்பதால், அங்கே யுரேனியத்தைக் காரக் கரைசலில்தான் பிரித்தெடுக்கிறார்கள். இருக்கிறதா என்று கேட்கும்போதே எடுக்க முடியுமா என்றும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

படி 4: இப்போது கதிர்வீச்சு

அப்புறம்தான் கருவி. சாதாரண கைகர் கருவி, சத்தம் எதனால் என்று பிரித்துச் சொல்லாது. கதிர்களை ஆற்றல் அளவுப்படி பிரித்துக் காட்டும் காமா நிறமாலைமானி வேண்டும். பொட்டாசியத்தை 1.46, யுரேனியத்தை 1.76, தோரியத்தை 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் அது தனித்தனியே காட்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் வெறும் கைகர் கருவியை வைத்தால் புதையல் கிடைத்த மாதிரி கத்தும். அங்கே கத்தவைப்பது பெரும்பாலும் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம். அதனால் மொத்த எண்ணிக்கையைவிட, யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும் உள்ள விகிதம் எங்கே எகிறுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று. அந்த 1.76 அளவு யுரேனியத்திலிருந்தே வருவதில்லை. அது சிதைந்து சிதைந்து பிறக்கும் பிஸ்மத்-214 அனுப்புவது. மழைநீர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போன பிறகும், அந்தச் சிதைவில் நடுவே பிறக்கும் ரேடியம் அங்கேயே தங்கியிருந்தால் கருவி காட்டிக்கொண்டே இருக்கும். வீடு காலியான பிறகும் வாசலில் பெயர்ப்பலகை தொங்குவதுபோல. ஆகவே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் யுரேனியத்தையே அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

சத்தமே இல்லாவிட்டால்? அதுவும் 'இல்லை' என்ற பதில் ஆகாது. அரை மீட்டர் மண்ணோ பாறையோ காமாக் கதிரைப் பெரும்பாலும் மறைத்துவிடும். சிகார் லேக் படிவு தரைக்குக் கீழே சுமார் 450 மீட்டரில் இருக்கிறது. மேலே நின்று கேட்டால் ஒன்றும் கேட்காது.

படி 5: நீர், மண், துளை

கிணற்று நீரில் யுரேனியம், மண்ணில் யுரேனியச் சிதைவில் பிறக்கும் ரேடான் வாயு இரண்டையும் அளக்கலாம். கிரானைட் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் படிவு எதுவும் இல்லாமலே யுரேனியம் கூடுதலாக இருக்கும் என்பதால், ஒரு கிணற்றை வைத்துத் துள்ள வேண்டாம். பல கிணறுகளின் போக்கைப் பாருங்கள். கடைசியில் துளையிட்டு எடுக்கும் பாறைத்தண்டுதான் தீர்ப்பு சொல்லும். அது நம் கையில் இல்லை. இந்தியாவில் யுரேனியம் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்தத் தேடலைச் செய்வது ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்ககம். தெரியாத மஞ்சள் கல்லைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசையும் வேண்டாம்.

பயிற்சி

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் நல்கொண்டா பகுதியின் புவியியல் வரைபடத்தைத் திறங்கள். ஊர்ப்பெயர்களை மறைத்துவிட்டு, வயது, மூலம், வழி, பொறி நான்குக்கும் தனித்தனி நிறம் தீட்டுங்கள். நிறங்கள் அதிகம் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் வட்டம் போட்ட பிறகு ஊர்ப்பெயர்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். லம்பாபூர் வட்டத்துக்கு வெளியே நின்றால், எந்த நிறத்தை வேறு இடத்தில் தீட்டினீர்கள் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கான நிறமாக இருக்கும்.